மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர்: மூன்று நாடுகளும் ஏன் ராணுவத்தின் கைக்குப் போயின, அதன் பிறகு என்ன ஆனது?

மாலியின் மேற்கே கோப்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில் மின்சாரப் பணியில் இருந்த ஐந்து இந்தியத் தொழிலாளர்களை 2025 நவம்பர் தொடக்கத்தில் ஓர் ஆயுதக் கும்பல் கடத்திக்கொண்டு போனது. ஐந்து பேரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று நாடுகளிலும் அடுத்தடுத்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது எப்படி? பிரெஞ்சுப் படையை விரட்டியது நல்லதுக்கா? என் மைத்துனருக்கு அங்கே ஒரு வேலை வந்திருக்கிறது, அனுப்பலாமா?"

கடைசிக் கேள்விதான் உங்களுக்கு அவசரம் என்று தெரிகிறது. ஆனால் முதல் இரண்டும் புரியாமல் அதற்குச் சரியான பதில் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2025 முடியும் வரை நடந்ததை வைத்து எழுதுகிறேன். முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போரைத் தீர்மானிப்பவை இரண்டு: சாலை யார் கையில் இருக்கிறது, கிராமத்தில் வழக்குத் தீர்ப்பது யார். தலைநகரில் யார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவர் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் நிற்கிறாரா ரஷ்யர் நிற்கிறாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாஹேல் என்றால் அரபியில் கரை. சகாராவை ஒரு கடலாக நினைத்துக்கொண்டால், அதன் தெற்குக் கரையோரமாக செனகல் தொடங்கி சூடான் வரை நீளும் வறண்ட பட்டைதான் சாஹேல். அதன் நடுப்பகுதியில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மூன்றும் பிரான்சின் காலனிகளாக இருந்து 1960ல் விடுதலை பெற்றவை. மூன்றுக்கும் கடற்கரை கிடையாது. டாக்கர், அபிஜான், லோமே, கோட்டோனு போன்ற அண்டை நாட்டுத் துறைமுகங்களில் இறங்கும் சரக்கு, பல நூறு கிலோமீட்டர் லாரியில் போனால்தான் மாலியின் தலைநகர் பமாக்கோவிலோ, புர்கினாவின் வாகடூகுவிலோ, நைஜரின் நியாமேயிலோ கடை திறக்கும். மூன்று எல்லைகளும் சந்திக்கும் பகுதிக்கு லிப்டாகோ-கூர்மா என்று பெயர். கடந்த பத்து வருஷங்களில் உலகத்திலேயே அதிக ரத்தம் சிந்திய இடங்களில் அது ஒன்று. உலகப் பயங்கரவாதக் குறியீட்டின்படி 2024ல் உலகம் முழுவதும் பயங்கரவாதத்தால் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சாஹேலில்தான் இறந்தார்கள்.

கதையைப் பலரும் 2011ல் லிபியாவில் கடாஃபி வீழ்ந்ததிலிருந்து ஆரம்பிப்பார்கள். கடாஃபியின் படையில் இருந்த, சகாராவின் நாடோடி இனமான துவாரெக் வீரர்கள் ஆயுதங்களோடு வடக்கு மாலிக்குத் திரும்பினார்கள், 2012 ஜனவரியில் மெனாகா நகரில் தாக்குதலைத் தொடங்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் துவாரெக் மக்கள் 1963லேயே ஒரு முறை எழுந்தவர்கள். 1990களிலும் 2006லும் மறுபடி எழுந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது, ஒவ்வொரு முறையும் அது பாதியில் நின்றது. லிபிய ஆயுதம் பழைய நெருப்பில் ஊற்றிய எண்ணெய்.

2012 மார்ச்சில், வடக்கில் அடி வாங்கிக்கொண்டிருந்த ராணுவத்தின் ஒரு பிரிவு கேப்டன் அமடூ சனோகோ தலைமையில் பமாக்கோவில் ஆட்சியைக் கவிழ்த்தது. அந்தக் குழப்பத்தில் டிம்பக்டு, காவோ, கிடால் மூன்று நகரங்களும் சில நாட்களில் விழுந்தன. ஏப்ரல் 6ஆம் தேதி துவாரெக் பிரிவினைவாதிகள் அசாவத் என்ற தனிநாட்டை அறிவித்தார்கள். அவர்களோடு தோள் சேர்ந்து நின்ற ஜிஹாதி குழுக்கள், சில மாதங்களில் அவர்களையே நகரங்களிலிருந்து துரத்திவிட்டன. டிம்பக்டுவில் பல நூற்றாண்டுப் பழமையான சூஃபி ஞானிகளின் கல்லறைகளைக் கடப்பாறையால் இடித்தது அப்போதுதான். 2013 ஜனவரியில் அவர்கள் தெற்கு நோக்கி கொன்னா வரை வந்ததும், மாலி அரசு கேட்டுக்கொண்டதால் பிரெஞ்சுப் படை இறங்கியது. சில வாரங்களில் வட நகரங்கள் மீட்கப்பட்டன. டிம்பக்டுவில் மக்கள் பிரெஞ்சுக் கொடியை அசைத்து வரவேற்றார்கள். இதை நினைவில் வையுங்கள். பத்தே வருஷத்தில் அதே கொடியை அதே நாட்டின் வீதிகளில் கொளுத்தினார்கள்.

அந்தப் பத்து வருஷத்தில் என்ன நடந்தது? அதற்குப் பாலைவனத்தை விட்டுவிட்டு மாலியின் நடுப்பகுதிக்கு வரவேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் செய்திகளில் இது வருவதே இல்லை.

நைஜர் ஆறு மாலியின் நடுவில் நிலத்துக்குள்ளேயே ஒரு டெல்டாவாக விரிகிறது. மழைக்காலத்தில் பெரிய பரப்பு தண்ணீரில் மூழ்கும். வெள்ளம் வடிந்ததும் பூர்கு என்ற சத்தான புல் மேய்ச்சலுக்குக் கிடைக்கும். வறண்ட தேசத்தில் அந்தப் புல்தான் சொத்து. புலானி மேய்ப்பர்களின் மந்தைகள் ஆற்றைக் கடந்து அங்கே இறங்கும். பம்பாரா, டோகோன் விவசாயிகளின் வயல்களும் மீனவர்களின் நீர்நிலைகளும் அதே இடத்தில்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த மாசினா அரசு, யாருடைய மந்தை எந்த வழியாக, எந்த வரிசையில் இறங்கலாம் என்று விதிகள் வகுத்தது. மேய்ச்சல் நிலத்துக்கு ஜோரோ என்ற பரம்பரைத் தலைவர் இருப்பார். வெளியூர் மந்தைக்காரர் அவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் மாடுகள் தாளை மேயும், சாணம் வயலுக்கு எருவாகும். நம் ஊரில் கிடை போடுவது போன்ற ஏற்பாடுதான். சண்டை சச்சரவு இருந்தாலும் அதைத் தீர்க்க ஒரு வழி இருந்தது.

விடுதலைக்குப் பிறகு நிலம் எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்றது சட்டம். நடைமுறையில் ஜோரோவும் பணம் வாங்கினார், அதிகாரியும் பணம் வாங்கினார். 1970களிலும் 80களிலும் வந்த பெரும் வறட்சிகளில் மந்தைகள் அழிந்தன. நெல் வயல்கள் மேய்ச்சல் நிலத்துக்குள் ஏறின. மாடு போகும் பாதை வயலானது. வழக்கு என்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், இரண்டு தரப்பிடமும் லஞ்சம் கறப்பார்கள். ஏழை மேய்ப்பனுக்கு மூன்று எஜமானர்கள்: சொந்தச் சாதியின் பெரிய மனிதர், வனத்துறைக்காரர், போலீஸ்காரர்.

அமடூ கூஃபா என்ற புலானி மத போதகர் பேசியது இந்த மேய்ப்பனிடம்தான். மேல்தட்டு மதக் குடும்பங்களையும் ஜோரோக்களின் கட்டணத்தையும் அவர் திட்டினார். 2015 வாக்கில் அவருடைய மாசினாப் படை டெல்டாவில் தலைகாட்டியது. மேய்ச்சல் கட்டணத்தைக் கட்டுப்படுத்தினார்கள். ஊருக்கு ஒரு காஜியை வைத்து, கடன் வழக்கு, நிலத்தகராறு, வயலில் மாடு இறங்கிய வழக்கு எல்லாவற்றையும் உடனுக்குடன் தீர்த்தார்கள். கூடவே அரசுப் பள்ளிகளை மூடினார்கள், பெண்கள் மீது கட்டுப்பாடு விதித்தார்கள், எதிர்த்தவர்களைக் கொன்றார்கள். இதில் எதையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கிராமத்தார் பலர் வாழ்க்கையில் முதல் முறையாக லஞ்சம் கொடுக்காமல் ஒரு தீர்ப்பைக் கேட்டார்கள். அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தப் போரைப் பற்றி யார் பேசினாலும் பாதிதான் பேசுகிறார்கள். 2017 மார்ச்சில் கூஃபாவின் படையும் துவாரெக் தலைவர் இயாத் அக் காலியின் அன்சார் தீனும் அல்-காய்தாவின் வட்டாரக் கிளைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஜேஎன்ஐஎம் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. ஐஎஸ் அமைப்பின் சாஹேல் கிளை இதற்குப் போட்டியாகத் தனியே எல்லைப் பகுதியில் இயங்குகிறது. இரண்டும் பல இடங்களில் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்கின்றன.

இதற்கு அரசு கண்ட மருந்து நோயை விட மோசம். விவசாயக் கிராமங்களில் வேட்டைக்காரர் சங்கங்கள் ஊர்க்காவல் படைகளாக மாறின. அரசு அவற்றைக் கண்டும் காணாமல் விட்டது. புலானி என்றாலே ஜிஹாதி என்ற நினைப்பு பரவியது. 2019 மார்ச் 23 அன்று ஒகோசாகு என்ற புலானிக் கிராமத்தில் சுமார் 160 பேர் வெட்டியும் சுட்டும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். 2022 மார்ச்சில் மூரா என்ற ஊரில் மாலி ராணுவமும் உடன் வந்த வெளிநாட்டுப் படையினரும் சேர்ந்து குறைந்தது 500 பேரைக் கொன்றார்கள் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் அறிக்கை தந்தது. மாலி அரசு அதை மறுத்தது. தகப்பனை இழந்த பையன் அடுத்து எங்கே போவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே கதை எல்லை தாண்டி புர்கினா ஃபாசோவுக்குள் நுழைந்தது. 2014 அக்டோபரில் மக்கள் கிளர்ச்சி, 27 வருஷம் ஆண்ட பிளெய்ஸ் கொம்பாவ்ரேயை விரட்டியது. அது உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய நிகழ்வு. ஆனால் அவரோடு சேர்த்து, அவர் ஆயுதக் குழுக்களோடு வைத்திருந்த மறைமுக ஏற்பாடுகளும் உளவு வலையும் போய்விட்டன. வடக்கே ஜிபோ நகரில் மாலம் டிக்கோ என்ற வானொலிப் போதகர், கூஃபாவைப் போலவே, ஊர்ப் பெரியவர்களின் ஆதிக்கத்தை எதிர்த்துப் பேசி ஆள் சேர்த்தார். 2016ல் அவர் ஆயுதம் தூக்கினார். அடுத்த சில வருஷங்களில் நாட்டின் வடக்கும் கிழக்கும் அரசின் கையை விட்டு நழுவின. சுமார் 2.3 கோடி மக்கள் உள்ள நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சொந்த ஊரை விட்டு ஓடினார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். புர்கினாவில் 2022ல் ஒரே வருஷத்தில் இரண்டு ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. இரண்டுக்கும் பொறி ஒரே இடத்திலிருந்துதான் வந்தது: சாலை. 2021 நவம்பரில் வடக்கே இனாட்டா தங்கச் சுரங்கத்துப் பக்கத்தில் இருந்த காவல் முகாம் தாக்கப்பட்டு 49 வீரர்கள் இறந்தார்கள். தாக்குதலுக்கு முன்பே அவர்களுக்குச் சாப்பாடு வந்து சேரவில்லை. காட்டு விலங்கை வேட்டையாடித் தின்று காலம் தள்ளுகிறோம் என்று மேலிடத்துக்குத் தகவல் அனுப்பியிருந்தார்கள். அந்தச் செய்தி வெளியே வந்ததும் ராணுவக் குடியிருப்புகளில் கோபம் கொதித்தது. 2022 ஜனவரியில் லெப்டினன்ட் கர்னல் டமிபா ஆட்சியைப் பிடித்தார். செப்டம்பர் 26ஆம் தேதி, முற்றுகையில் இருந்த ஜிபோ நகருக்கு உணவு கொண்டுபோன லாரி வரிசை காஸ்கிண்டே என்ற இடத்தில் தாக்கப்பட்டது. நான்கே நாளில், செப்டம்பர் 30 அன்று, 34 வயது கேப்டன் இப்ராஹிம் டிராவோரே டமிபாவையே தூக்கியெறிந்தார். பட்டினியில் கிடக்கும் சிப்பாய்க்குத் தலைநகரில் இருக்கும் தளபதி மேல் வரும் ஆத்திரம்தான் இந்தக் கவிழ்ப்புகளின் வேர்.

மாலியில் 2020 ஆகஸ்ட் 18 அன்று அதிபர் கேய்ட்டாவை நீக்கிய கர்னல்கள், 2021 மே மாதம் இடைக்கால அதிபரையும் நீக்கினார்கள். அசிமி கோய்ட்டா அதிபரானார். அதற்கு முன் பல மாதங்கள் பமாக்கோ வீதிகளில் ஊழலுக்கும் தேர்தல் குளறுபடிக்கும் எதிராக மக்கள் திரண்டிருந்தார்கள். ராணுவம் அந்த அலையின் மேல் ஏறி வந்தது.

நைஜர் கொஞ்சம் வேறு மாதிரி. 2023 ஜூலை 26 அன்று அதிபர் முகமது பஸூமை அவருடைய மெய்க்காவல் படையின் தலைவர் ஜெனரல் சியானியே சிறைப்பிடித்தார். பாதுகாப்பு மோசமானதால் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் உண்மையில் அந்த நேரத்தில் மூன்று நாடுகளில் நைஜர்தான் ஓரளவு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆயுதக் குழுக்களில் இருந்த உள்ளூர்ப் பிள்ளைகளோடு பேசத் தூதர்களை அனுப்பியிருப்பதாக பஸூம் 2022ல் வெளிப்படையாகவே சொன்னார். சிலரைச் சிறையிலிருந்து விடுவித்தார். தாக்குதல்கள் குறைந்துவந்தன. அந்த முயற்சி பாதியில் அறுந்தது. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்து, அவர் இன்னும் காவலில் இருக்கிறார். இந்தக் கவிழ்ப்புகளில் எனக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

சரி, பிரான்ஸ். பிரெஞ்சுப் படை சாஹேலில் உச்சத்தில் சுமார் 5,000 பேர் வரை வைத்திருந்தது. ஜிஹாதி தலைவர்கள் பலரைக் கொன்றது. ஒவ்வொரு தலைவர் செத்ததும் பாரிசில் வெற்றி அறிவிப்பு வரும், அடுத்த வருஷம் தாக்குதல் கூடும். 2021 ஜனவரியில் பூன்டி கிராமத்தில் பிரெஞ்சு விமானம் குண்டு போட்டதில் 22 பேர் இறந்தார்கள். அது ஒரு கல்யாணக் கூட்டம், இறந்தவர்களில் 19 பேர் பொதுமக்கள் என்று ஐநா விசாரணை சொன்னது. பிரான்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய தவறு வேறு. கூஃபாவோடும் இயாத் அக் காலியோடும் பேசிப் பார்க்கலாம் என்று 2017லும் 2019லும் மாலியில் நடந்த தேசிய மாநாடுகள் பரிந்துரைத்தன. பயங்கரவாதிகளோடு பேச்சே கிடையாது என்று பாரிஸ் முட்டுக்கட்டை போட்டது. யாரோடு பேசலாம், பேசக்கூடாது என்பதை இன்னொரு நாடு முடிவு செய்வதா என்ற கேள்வி மாலி மக்களுக்கு எழுந்ததில் நியாயம் இருக்கிறது. பழைய காலனி ஆட்சியின் நினைவும், பிரான்ஸ் அந்தக் காலத்தில் கொண்டுவந்து இன்னும் கையில் புழங்கும் சிஎஃப்ஏ பிராங்க் நாணயமும் அந்தக் கோபத்துக்கு வலு சேர்த்தன.

அதனால் பிரெஞ்சுப் படை வெளியேறியபோது மக்கள் கொண்டாடியது போலியான கொண்டாட்டம் இல்லை. மாலியிலிருந்து 2022 ஆகஸ்டிலும், புர்கினாவிலிருந்து 2023 பிப்ரவரியிலும், நைஜரிலிருந்து 2023 டிசம்பரிலும் அவர்கள் போனார்கள். ஐநா அமைதிப்படையும் 2023 முடிவில் மாலியை விட்டுப் போனது. பத்து வருஷத்தில் 300க்கும் மேற்பட்ட வீரர்களை அது அங்கே இழந்திருந்தது. அகடெஸ் பாலைவனத்தில் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய ட்ரோன் தளத்தை 2024ல் அமெரிக்காவும் காலி செய்தது.

போனவர்களின் இடத்தில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை வந்தது. மாலிக்கு 2021 கடைசியிலேயே வந்துவிட்டார்கள். 2023 நவம்பரில் கிடால் நகரை அவர்களோடு சேர்ந்து மாலி ராணுவம் பிடித்ததும் பமாக்கோவில் பெரும் உற்சாகம். பல வருஷங்களாக அரசின் பிடிக்குள் வராத ஊர் அது. ஆனால் 2024 ஜூலையில் அல்ஜீரிய எல்லையில் தின்சவாட்டென் என்ற இடத்தில் துவாரெக் கிளர்ச்சியாளர்களும் ஜேஎன்ஐஎம்மும் கொடுத்த அடியில் வாக்னர் ஆப்பிரிக்காவில் அதுவரை காணாத இழப்பைக் கண்டது. 2025 ஜூனில் வாக்னர் பெயர்ப்பலகை இறங்கி, ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆப்பிரிக்கப் படை என்ற பலகை ஏறியது. ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. பிரெஞ்சுப் படையை அனுப்பும் உரிமை அந்த மக்களுக்கு முழுக்க உண்டு. அதனால் நிலைமை மேம்பட்டதா என்றால், இல்லை. துப்பாக்கி பிடிக்கும் கை மாறியது, டெல்டாவில் மேய்ப்பனின் வழக்கை இன்னும் காஜிதான் தீர்க்கிறார்.

அண்டை நாடுகளின் உறவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எகோவாஸ் 1975ல் லாகோஸில் உருவானது. ஒரு நாட்டவர் மறு நாட்டில் விசா இல்லாமல் போய் வரலாம், வியாபாரம் செய்யலாம் என்பது அதன் பெரிய சாதனை. நைஜரில் கவிழ்ப்பு நடந்ததும் எகோவாஸ் ஒரு வாரக் கெடு வைத்தது, படை அனுப்புவோம் என்றது. எல்லைகளை மூடியது. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. நைஜர் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை நைஜீரியாவிடமிருந்துதான் வாங்குகிறது. மருத்துவமனைகள் இருண்டன, உணவு விலை ஏறியது. ஜெனரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. படை அனுப்பும் பேச்சும் அப்படியே கரைந்துபோனது. என்னைக் கேட்டால் எகோவாஸ் செய்த மிகப் பெரிய பிழை இந்தக் கெடுதான். நிறைவேற்ற முடியாத மிரட்டலைப் போட்டு, மூன்று ராணுவ ஆட்சிகளையும் ஒன்றோடொன்று கட்டிப்பிடிக்க வைத்துவிட்டது. 2023 செப்டம்பர் 16 அன்று மூன்றும் சாஹேல் நாடுகளின் கூட்டணி என்று ஒப்பந்தம் போட்டன. 2024 ஜூலையில் அதைக் கூட்டரசு என்று உயர்த்தின. 2025 ஜனவரி 29 அன்று எகோவாஸிலிருந்து முறைப்படி வெளியேறின. பொதுப் பாஸ்போர்ட் வந்தது. 5,000 பேர் கொண்ட கூட்டுப்படையை அறிவித்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகுவதாகவும் சொன்னார்கள்.

உள்நாட்டில் தேர்தல் வாக்குறுதி ஒவ்வொன்றாகக் காற்றில் போனது. டிராவோரே 2024ல் ஐந்து வருஷம் நீட்டிப்பு எடுத்துக்கொண்டார். சியானி 2025 மார்ச்சில் ஐந்து வருஷத்துக்குப் பதவியேற்றார். மாலியில் 2025 மே மாதம் எல்லா அரசியல் கட்சிகளையும் கலைத்தார்கள். ஜூலையில் கோய்ட்டாவுக்கு ஐந்து வருஷம் தரப்பட்டது, அதையும் தேர்தல் இல்லாமலேயே புதுப்பித்துக்கொள்ளலாம். டிராவோரேயின் வீடியோக்களை நம் பிள்ளைகளும் பார்க்கிறார்கள், 1980களில் புர்கினாவை ஆண்ட புரட்சித் தலைவர் தாமஸ் சங்காரா திரும்பி வந்துவிட்டார் என்று கூட எழுதுகிறார்கள். அவர் சொல்லும் சுயமரியாதைப் பேச்சு இனிமையானதுதான். ஆனால் 2024 ஆகஸ்ட் 24 அன்று பர்சலோகோ ஊரில், ராணுவம் சொன்னதன் பேரில் அகழி தோண்டப் போன சாதாரண ஜனங்கள் நூற்றுக்கணக்கில் ஜேஎன்ஐஎம்மால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கேள்வி கேட்ட பத்திரிகையாளர்களையும் மருத்துவர்களையும் நீதிபதிகளையும் பிடித்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். வீடியோவில் இது வராது.

இனி 2025. ஜேஎன்ஐஎம் தன் யுக்தியையே மாற்றியது. ஜூலை 1ஆம் தேதி மேற்கு மாலியில் செனகல் எல்லையோரம் உட்பட பல ஊர்களில் ஒரே நாளில் தாக்கியது. காயஸ் நகரில் ஒரு சிமெண்டு ஆலையில் வேலை பார்த்த மூன்று இந்தியர்கள் அன்றுதான் கடத்தப்பட்டார்கள். செப்டம்பரில் டாக்கரிலிருந்தும் அபிஜானிலிருந்தும் பமாக்கோவுக்குப் பெட்ரோல் டீசல் கொண்டுவரும் டேங்கர் லாரிகளை வழிமறித்து எரிக்க ஆரம்பித்தார்கள். ராணுவக் காவலோடு போன வரிசைகளையும் விடவில்லை. பமாக்கோவில் பெட்ரோல் பங்குகளில் விடிய விடிய வரிசை. மின்சாரம் நின்று நின்று வந்தது. அக்டோபர் கடைசியில் நாடு முழுவதும் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் இரண்டு வாரம் மூடினார்கள். தலைநகரைப் பிடிக்க ஆள் பலம் அவர்களிடம் இல்லை. லாரி டிரைவர்களைப் பயமுறுத்த ஆள் போதும். கடற்கரை இல்லாத நாட்டின் கழுத்து எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தத் தீ கடலோர நாடுகளுக்கும் இறங்கிவிட்டது. பெனினின் வடக்கே டபிள்யூ, பெண்ட்ஜாரி என்று இரண்டு பெரிய வனப்பூங்காக்கள் புர்கினாவையும் நைஜரையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. 2025 ஏப்ரல் 17 அன்று ஒரே நாளில் அங்கே 54 பெனின் வீரர்கள் இறந்தார்கள். டோகோவின் வடமுனையிலும் 2021 முதல் தாக்குதல்கள். எல்லை தாண்டித் துரத்த வேண்டுமானால் நைஜரும் பெனினும் ஒன்றுக்கொன்று தகவல் கொடுக்க வேண்டும். ஆனால் நைஜரின் எண்ணெயைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய், மூடிய எல்லை, பிரெஞ்சுப் படையை பெனின் ஒளித்து வைத்திருப்பதாக நைஜரின் குற்றச்சாட்டு என்று இரண்டு அரசுகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அல்ஜீரியாவும் மாலியும் அப்படியே. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் மாலியின் ட்ரோன் ஒன்றை அல்ஜீரியா சுட்டு வீழ்த்தியது, மூன்று நாடுகளும் அங்கிருந்து தூதர்களைத் திரும்ப அழைத்தன. ஆயுதக் குழு எல்லையை ஒரே இரவில் மோட்டார் சைக்கிளில் கடக்கிறது, அரசுகளின் கடிதம் கடக்க மாதம் ஆகிறது. டிசம்பர் 7 அன்று பெனினிலும் ஒரு கவிழ்ப்பு முயற்சி நடந்தது. இந்த முறை நைஜீரியா விமானங்களை அனுப்பி உதவியது, முயற்சி தோற்றது.

வழியே இல்லையா என்றால், பக்கத்திலேயே மொரிட்டானியா இருக்கிறது. 2005 முதல் 2011 வரை அதுவும் அடி வாங்கியது. பிறகு சிறையில் இருந்த ஜிஹாதிகளோடு உலமாக்களை, அதாவது மத அறிஞர்களை, உட்கார வைத்துப் பேச வைத்தது, மனம் மாறியவர்களை விடுவித்தது. பாலைவன ஊர்களுக்கு ஒட்டகப் படையை அனுப்பியது, அந்தப் படை சண்டை மட்டும் போடாமல் தண்ணீர், மருந்து, அரசு ஆவணங்கள் என்று நாடோடி மக்களின் தேவையையும் பார்த்தது. 2011க்குப் பிறகு அங்கே பெரிய தாக்குதல் இல்லை. அதன் மக்கள்தொகை குறைவு, மாலிக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மை. ஆனால் மாலியிலேயே 2021ல் ஃபரபுகு என்ற ஊரின் முற்றுகை பேச்சுவார்த்தையால்தான் தளர்ந்தது. அந்தப் பேச்சைத் தொடர்ந்து கொண்டுபோக யாரும் இல்லாததால் ஒப்பந்தம் முறிந்தது. 2025 ஆகஸ்டில் அங்கிருந்த ராணுவ முகாமையே ஜேஎன்ஐஎம் பிடித்துவிட்டது. 2024ல் ராணுவ அரசே கூட்டிய தேசிய உரையாடலும், ஆயுதம் தூக்கிய மாலிக்காரர்களோடு பேச வேண்டும் என்றுதான் முடிவில் சொன்னது.

இப்போது உங்கள் மைத்துனர் விஷயம். அந்த நாடுகளில் நம்மவர்களுக்கு வேலை கிடைப்பதற்குக் காரணமே அங்கே மின்சாரம் இல்லாததுதான். நைஜரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்வசதி. அதனால் மின்கோபுரம் நடுவது, கம்பி இழுப்பது என்று இந்திய நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்கள் கிடைக்கின்றன. வேலை நடக்கும் இடம் எப்போதும் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி. 2025 ஏப்ரலில் நைஜரில் ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஐந்து பேர் கடத்தப்பட்டதும், ஜூலையில் டோசோ பகுதியில் இரண்டு இந்தியர்கள் கொல்லப்பட்டதும் இந்த மாதிரி மின்பாதை வேலையிடங்களில்தான். வெளிநாட்டுக்காரரைப் பிடித்தால் மீட்புத் தொகை கிடைக்கும், அரசின் வளர்ச்சித் திட்டமும் நிற்கும் என்று ஆயுதக் குழுவுக்கு இரட்டை லாபம்.

இன்னொன்று. குடியேற்ற அனுமதி கட்டாயம் என்று இந்திய அரசு வைத்திருக்கும் 18 நாடுகளின் பட்டியலில் மாலியோ நைஜரோ புர்கினாவோ இல்லை. வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது இருக்கும் அந்தக் குறைந்தபட்சச் சோதனைகூட இங்கே கிடையாது. ஏஜென்ட் சொல்வதுதான் தகவல். எனவே மைத்துனரிடம் நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். வேலையிடம் எந்த மாவட்டம், தலைநகரிலிருந்து எத்தனை கிலோமீட்டர், தங்குமிடத்திலிருந்து வேலைக்கு எந்தச் சாலையில், எத்தனை மணிக்குப் போவார்கள், கூட யார் காவலுக்கு வருவார்கள், கடத்தல் நடந்தால் குடும்பத்துக்குச் சம்பளம் தொடரும் என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். காயஸ், நியோரோ, செகு, மொப்தி, டில்லாபெரி, டோசோ, ஜிபோ என்ற பெயர்களில் ஒன்று வந்தால், எவ்வளவு சம்பளம் சொன்னாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். பமாக்கோ நகரத்துக்குள்ளேயே அலுவலக வேலை என்றால்கூட, பெட்ரோல் முற்றுகை முழுக்க விலகும் வரை காத்திருக்கச் சொல்வேன். ஏற்கெனவே போய்விட்டவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் பெயரையும் வேலையிடத்தையும் பமாக்கோ, வாகடூகு, நியாமே இந்தியத் தூதரகங்களில் அந்தந்த நாட்டுக்கு உரியதில் இன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். மூன்று தலைநகரங்களிலும் நமக்குத் தூதரகம் இருக்கிறது.